தாடிப்பூவுக்குக் காவல்

“பக்கத்து வீட்டு ஹோபார்ட் என்னைக்காவது வேலிகிட்ட வந்து நின்னு கேப்பான், பாரு.”

“என்னத்தைம்மா?”

“வேற என்னத்தை?” அம்மா ஐரிஸ் பூப்பாத்திப் பக்கம் தாடையை நீட்டிச் சிரித்தாள். அங்கே கிழங்கு நடவு பாதியில் நிற்க, சிவப்புப் பிடி மண்வெட்டி மண்ணில் குத்தி நின்றது. “வாயைத் திறந்து கேக்குற வரைக்கும் குடுத்துடாதே!”

அம்மா போய்ச் சில வருஷங்களாகியும் இமோஜீன் அதை மறக்கவில்லை. இடுப்பு உயரத் தண்டு, செம்பு நிற இதழ், நடுவில் ஊதாத் தாடி, திராட்சை வாசம். அந்தப் பழைய ரகம் டென்னசியில் வேறு எவர் தோட்டத்திலும் இல்லை என்பது அவள் தீர்மானம்.

மே பிறந்தால் ஹோபார்ட் வேலிக்கு வந்துவிடுவார். தொப்பியைக் கழற்றுவார். பாத்தியையே வெறிப்பார்.

“மிஸ் இமோஜீன்... வந்து...”

“என்ன?”

“மழை வரும்போல.”

அடுக்கடுக்காகத் தும்மிவிட்டுப் போய்விடுவார்.

‘தும்மலாம் தும்மல்! கிழங்கைக் கிளப்ப நோட்டம் விடுறான்’ என்று இமோஜீன் பல்லைக் கடிப்பாள்.

இந்த வருஷம் அவர் வேலிமேல் சாய்ந்து எட்டியே பார்த்துவிட்டார். அன்றே அவள் கிழங்குகள் தெரியாதபடி வைக்கோலைக் கனமாகப் பரப்பினாள். வெயிலில் முதுகு காயவேண்டிய கிழங்குகள் புழுங்கின. அவர் மறுபடி வரவே, மேலே தார்ப்பாயையும் இழுத்துக் கட்டினாள்.

“செடிக்குக் காய்ச்சலா?”

“உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?”

“கவலை இல்ல... வந்து... மழை...”

“வரட்டும்!”

மழை வந்தது. தார்ப்பாயைத் தூக்கியபோது அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. பாத்தி முழுக்கத் தோண்டியும் கெட்டியாகக் கிடைத்தவை சில கிழங்குகள்தான். ஒன்றில் மட்டும் பூ. அம்மாவின் செடியைக் காவல் காத்தே கொன்றுவிட்டோமே என்று ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதாள். தன் கையில் இருந்தால் மிச்சமும் போய்விடும். ஆசைப்பட்டவனிடமாவது பிழைக்கட்டும்.

சிவப்புப் பிடி மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, கிழங்குகளை ஏப்ரனில் அள்ளி அடுத்த வீட்டுக்குப் போனாள். ஹோபார்ட் மண்டியிட்டு, உருளைக்கிழங்குச் செடிகளுக்கு சூப் கரண்டியால் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க, ஜெயிச்சிட்டீங்க. நானே நட்டுக் குடுக்கிறேன். ஆனா ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேளுங்க. எங்கம்மா வார்த்தை!”

அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். பூவைப் பார்த்ததும் கண்ணில் நீர் வழியத் தும்மினார். பிறகு பார்வை கிழங்குகளைத் தாண்டி அவள் தோளில் போய் நின்றது.

“பூ எனக்கு ஆகவே ஆகாது, மிஸ் இமோஜீன். உங்கம்மா சாயங்காலமே தர்றேன்னு எங்கப்பாவோட மண்வெட்டியை வாங்கிட்டுப் போனாங்க... அதைத் திருப்பித் தர்றீங்களா?”