பல்புக்கு வைத்த பெயர்

கலைச்சொல் பேர்வழி என்று ஓர் இனம் உண்டு. எந்தத் தொழிலிலும் முளைக்கும். ஆனால் அது கொழுகொழுவென்று வளர்வது ரேடியோ நிலையத்திலும் டிவி நிலையத்திலும்தான். அங்கே கையாளும் சரக்கு கண்ணுக்குத் தெரியாது பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதானே? தையல் கடையில் இது நடக்காது. கை குட்டையாக இருந்தால் குட்டைதான். போட்டுப் பார்த்தவளே சொல்லிவிடுவாள்.

தையல் கடை எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? நாம் பார்க்கப்போகும் பேர்வழியின் அக்கா நடத்துவது தையல் கடை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கால் அங்குலம் பிசகினாலும் தையலைப் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். தம்பி ரேடியோ நிலையத்தில் இன்ஜினியர் ஆன நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் படுவதில்லை.

தம்பிக்கு நிலையத்தில் 'டெசிபல்' என்று பட்டப்பெயர். சத்தத்தை அளக்கும் அலகு அது. அவனோ உலகத்தையே அதை வைத்துத்தான் அளப்பான். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால், "நேத்தைவிட ஆறு டெசிபல் கூட." வீட்டுக்குத் தாமதமாக வந்தால், "டிரான்ஸ்மிஷன் டிலே." ஒருமுறை மாமா வந்து, "ஏம்ப்பா, போன வாரம் பார்த்த பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "இம்பீடன்ஸ் மேட்ச் ஆகலை மாமா" என்றான். மாமா அதை ஏதோ உடம்புக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார். அன்றோடு வரன் பார்ப்பதை நிறுத்தினார்.

அக்காவுக்கு இதெல்லாம் பெருமைதான். அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில், தேதி போட்டு, எழுத்துக்கூட்டி எழுதி வைத்திருந்தாள். துணி கொடுக்க வருகிறவர்களுக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்து வீசுவாள்.

"எங்க தம்பி நேத்து முழுக்க மாடுலேஷன்லயே நின்னான்."

"அப்படின்னா என்னக்கா?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரியுமா?"

"எனக்கு எதுக்குடி புரியணும்? அவனுக்குப் புரிஞ்சாப் போதாதா?"

இந்த இடத்தில் அவன் ஆறு மாதமாகத் தலைமை இன்ஜினியர் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்ததையும், வெள்ளிக்கிழமை இயக்குநர் கையெழுத்துப் போட்டால் அது நிரந்தரம் என்பதையும், தெருவில் பாதிப் பேருக்கு அக்கா அந்தச் சேதியை முன்கூட்டியே சொல்லி முடித்திருந்தாள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் ஸ்டுடியோவில் மேசைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. மைக் திறந்திருந்தால் எரியும், மூடினால் அணையும். அது எரிகிற வரை உள்ளே இருப்பவர்கள் தும்மலைக்கூட விழுங்கிக்கொள்வார்கள். அந்தப் பல்பு ஃபியூஸ் போனது. செய்தி வாசிக்கும் பெண் மூன்று முறை வந்து சொன்னாள். டெசிபல் உடனே நடவடிக்கை எடுத்தான். எப்படி? பதிவேட்டில் எழுதினான்: 'ஸ்டுடியோ இரண்டில் விஷுவல் இண்டிகேஷன் சர்க்யூட்டில் லுமினன்ஸ் லாஸ். உதிரிபாகம் தேவை.'

ஸ்டோரிலிருந்து பதில் வந்தது: 'இப்படி ஒரு பாகம் இருப்பில் இல்லை.' தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. அங்கிருந்து, இது எந்த நாட்டில் தயாராகிறது என்று கேட்டு எழுதினார்கள். இப்படியே இருபது நாள். பல்புக்குப் பல்பு என்று பெயர் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம், முன்பே பதிவு செய்த இயக்குநரின் பேட்டி ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கும் பெண் அன்று மைக்கை மூட மறந்தாள். மேலே பார்த்தாள்; விளக்கு எரியவில்லை. சரி, மூடித்தான் இருக்கிறது. டெசிபல் உள்ளே வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, எல்லோருக்கும் புரியும்படி ஒரு வாக்கியம் பேசினான்.

"இந்தாளு வாயத் தொறந்தா ஊரே தூங்கிடும்மா."

அக்கா கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. துணி கொடுக்க வந்த இருவர் நின்றிருந்தார்கள். ஒலி அப்படி ஒரு தெளிவு. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. தையல் மெஷின் தானாக நின்றது.

"அக்கா, இது உங்க தம்பி குரல் மாதிரி..."

"அளவு கொடுத்தாச்சுல்ல? கிளம்புங்க."

மாலையில் அவன் கடைக்கு வந்தான். கையில் இயக்குநர் அனுப்பிய ஒரு மெமோ. மறுநாள் பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். பதிலை ஏற்கெனவே இரண்டு பக்கத்துக்குத் தயார் செய்திருந்தான். படித்துக் காட்டினான். ஆடியோ பாதையில் எதிர்பாராத க்ராஸ் டாக், இண்டிகேஷனில் லுமினன்ஸ் லாஸ், கடைசியில் ஆப்பரேட்டர் எரர். அக்கா துணியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இதுல நீ பேசினது எங்கடா இருக்கு?"

"க்ராஸ் டாக்."

"பல்பு?"

"லுமினன்ஸ் லாஸ்."

"அந்தக் கடைசி எரரு?"

காகிதத்தைப் பார்த்தபடி சொன்னான். "அந்தப் பொண்ணு."

சாக்பீஸ் கோடு வளைந்துவிட்டது. அக்கா போட்ட கோடு அதுவரை வளைந்ததில்லை.

"மூணு தடவை வந்து சொன்னவ தலையிலயா கட்டற?"

"இல்லக்கா, டெக்னிக்கலா பார்த்தா..."

"டெக்னிக்கலா நீ பார்த்தது போதும். பேனாவ எடு."

"அக்கா, பல்புன்னு எழுதினா சிரிப்பாங்க. ஒரு பல்பு மாத்தத் துப்பில்லாதவனுக்குத் தலைமை இன்ஜினியரான்னு கேப்பாங்க. இத்தனை வருஷம் படிச்சு, கடைசியில நான் பார்த்த வேலை இவ்வளவுதானான்னு ஆயிடும்."

உண்மை வெளியே வந்துவிட்டது. அக்காவும் நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். நாளைக்கு இந்தப் பல்பு விஷயம் தெருவுக்கு வந்தால் சிரிப்பு அவள் கடை வாசலில்தான் முதலில் வந்து நிற்கும். அதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"சிரிக்கட்டும். எழுதுடா" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினான்: 'சிவப்பு விளக்கின் பல்பு இருபது நாளாக எரியவில்லை. செய்தி வாசிப்பவர் மூன்று முறை சொன்னார். நான் ஸ்டோருக்குப் புரியாதபடி எழுதினேன். மைக் மூடியிருப்பதாக நினைத்து உங்களைப் பற்றிப் பேசினேன். தப்பு என்னுடையது.' ஐந்து வாக்கியம். அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார்.

"நான் பேசினா ஊரே தூங்கிடுமா?"

டெசிபல் சொல் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. "கொஞ்சம், சார்."

"முதல்ல போய் பல்ப மாத்துங்க."

ஸ்டோருக்குப் போனான். "ஒரு சிவப்பு பல்பு" என்றான். ஸ்டோர்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "இதுவா சார்? ஒரு டப்பா நிறையக் கிடக்குதே. கேட்டிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பேனே!"

வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தது. கூடவே ஒரு குறிப்பும் இருந்தது: இனிமேல் பதிவேட்டில் எழுதுவதை எழுதியவர் முதலில் ஸ்டோர்காரரிடம் படித்துக் காட்டவேண்டும். அக்கா குறிப்பை விட்டுவிட்டு, கையெழுத்தை மட்டும் தெருவுக்குச் சொன்னாள்.

அன்று மாலை ஒரு பெண் ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கை குட்டையா இருக்கேக்கா" என்றாள். சாக்பீஸ் கோடு வளைந்ததே, அந்தத் துணி. அக்கா வாயைத் திறந்தாள்; நோட்டின் கடைசிப் பக்கத்துச் சொல் ஒன்று வந்து விழுந்தது.

"அது குட்டை இல்லம்மா, துணியோட அட்டென்யுவேஷன்..."

பாதியில் நின்றாள். "குட்டைதான். கொடு, பிரிச்சுத் தைக்கிறேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று உங்கள் அலுவலகத்தில் முடியாமல் போன வேலைக்கு மேலதிகாரியிடம் என்ன பெயர் சொன்னீர்கள்? 'நடைமுறைச் சிக்கல்' என்றா, 'பரிசீலனையில் இருக்கிறது' என்றா? எழுந்து போய் உங்கள் மேசை இழுப்பறையை ஒரு தடவை திறந்து பாருங்கள். பல்பு அங்கேதான் கிடக்கும்.