கொழுப்பு அளந்த நாடு

நிறைமங்கலம் என்னும் நாட்டில் ஆளுக்கு ஒரு பங்கு அரிசியை அரசே அளந்து வந்தது. ஒரு முறை களஞ்சியம் பாதி காலியானது. மக்கள் அதிகமாகத் தின்பதே காரணம் என்று உடல்நல அமைச்சர் குணபூஷணர் கண்டுபிடித்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று விசாரித்துப் பார்த்தேன். மதிய உணவுக்குப் பின் அவருக்கு அப்படித் தோன்றியது என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

எடை கூடியவர்களுக்கு இனிப் பாதிப் பங்குதான் என்று ஆணை வந்தது.

களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் பூங்காவனம் தராசில் ஏறினாள். நெடிய உருவம், இறுகிய தோள்கள். முள் எகிறியது. அவளுக்கு முன் ஏறிய அமைச்சரின் மைத்துனருக்குக் குச்சிக் கைகால், குடம் போன்ற வயிறு. அவருக்கு முள் அடக்கமாக நின்றிருந்தது.

"இதென்னய்யா கூத்து? அவரு தொப்பையில கால்வாசி எனக்கில்ல. அரை வயித்துச் சோத்துக்கு மூட்டைய ஒங்கப்பனா வந்து தூக்குவாரு?" என்றாள் அவள்.

"தராசுக்குத் தொப்பை தெரியாதம்மா, கனம்தான் தெரியும்" என்றார் அளவை அதிகாரி.

அவள் கவலை நியாயமானது. மூட்டை தூக்க முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் பங்கே கிடையாது. சட்டத்தை நான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

அரண்மனை வைத்தியர் அருமைநாதர் இதைக் கேள்விப்பட்டு அமைச்சரிடம் போனார். "எடையை மட்டும் பார்த்தால் எது தசை, எது கொழுப்பு என்று தெரியாது. உயரத்தோடு ஒப்பிட்டாலும் அந்தச் சந்தேகம் தீராது. நாடாவால் இடுப்பைச் சுற்றி, அது உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். தோலை இடுக்கியால் கிள்ளி மடிப்பை அளக்கலாம். தண்ணீரில் முக்கி எடை பார்த்தால் இன்னும் நெருங்கலாம். எல்லாவற்றிலும் பிழை உண்டு. ஆகவே படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று ஆளையும் கேட்க வேண்டும்."

"கேட்பதா? மக்களையா?" அமைச்சர் திடுக்கிட்டார். "நாடா போதும்."

மரியாதை கருதி நாடாவை முதலில் மன்னர் பெருநிறைவர்மரின் இடுப்பில் சுற்றினார்கள். அது உயரத்தில் பாதியை வெகுதூரம் தாண்டியது. அவையினர் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு அமைச்சர் தொண்டையைச் செருமி, "மன்னரின் இடுப்பே நாட்டின் ஆரோக்கிய அளவு. அதற்குக் குறைந்தவர்கள் நோயாளிகள். நோயாளிகளுக்குப் பத்தியம், அதாவது பாதிப் பங்கு" என்று அறிவித்தார்.

பூங்காவனம் அவைக்கே வந்துவிட்டாள். "எட கூடுனாலும் பாதி, இடுப்பு கொறஞ்சாலும் பாதி. முழுப் பங்கு வாங்க எந்த மாதிரி ஒடம்புதான் சாமி வேணும்?"

"இவளுக்கு எவ்வளவு கொழுப்பு!" என்று மன்னர் கர்ஜித்தார்.

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அமைச்சர் பரவசமானார். "நாடா இல்லை, இடுக்கி இல்லை! மன்னர் வெறும் காதாலேயே கொழுப்பை அளந்துவிட்டார்! அது இருக்குமிடம் வாய்!"

"மன்னா, அது வேறு கொழுப்பு. இரண்டையும் குழப்பலாமா?" என்றார் வைத்தியர். அது கேள்வியாக இருந்ததால் அன்று மாலையே அவருடைய பங்கும் பாதியானது.

அதன் பிறகு நிறைமங்கலத்தில் கேள்வி கேட்டவரெல்லாம் கொழுத்தவர் ஆனார்கள். ஏற்கெனவே பாதியில் இருந்த பூங்காவனத்தின் பங்கு காலானது. அவள் முதுகிலிருந்து ஒரு மூட்டை நழுவி விழுந்தது. இன்னொன்று விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றார் களஞ்சியக் கண்காணி. அடுத்த அளவை நாளில் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வரிசை முழுவதும் அப்படியே நின்றது.

"ஒருத்தரும் வாயே தொறக்கல ஐயா. சரியான அழுத்தக்காரங்க" என்று அதிகாரி முறையிட்டார்.

"அழுத்தமா? அது கொழுப்பைவிட ஆபத்தான நோயாயிற்றே!" என்றார் அமைச்சர். மறுநாளே முரசு அறைந்தார்கள்: இனி எடையும் இடுப்பும் பார்க்க வேண்டாம்; பேசினால் கொழுப்பு, பேசாவிட்டால் அழுத்தம், இரண்டுக்கும் பங்கு ரத்து.

அந்த முரசொலி அடங்கும்போது பூங்காவனம் தராசின் முன் நின்றிருந்தாள். அதிகாரி எழுதுகோலோடு அவள் வாயையே பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஏ பூங்காவனம், என்னாடி?" என்று பின்னால் ஒருத்தி கேட்க வந்து, பாதியில் தானும் சிரித்தாள். சிரிப்பு வரிசையின் கடைசிவரை போனது.

அதிகாரி ஆணையைப் புரட்டினார். சிரிப்பு பேச்சிலும் சேராது, மௌனத்திலும் சேராது. பெயருக்கு நேரே ஒன்றும் எழுத முடியாதவருக்கு முழுப் பங்கு தரவேண்டும் என்பது விதி. அவர் வியர்க்க வியர்க்க அளந்து கொட்டினார். பூங்காவனம் முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.

சிரிப்பை அளக்கும் கருவிக்கு அமைச்சர் ஆள் அனுப்பியிருக்கிறார். ஏற்கெனவே அதைப் பயன்படுத்திவரும் நாடு ஒன்று அருகில் இருக்கிறதாம். அது எந்த நாடு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.