ஒற்றை நியாண்டர்தால்

மூன்று வருடம் பொறுத்தாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் கையெழுத்து வாங்காமல் விடுவதில்லை என்று பொம்மைக்காரர் சபதம் எடுத்தார். அந்தச் சபதத்தைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் இல்லை. பிரச்சினையே அதுதான்.

மனைவி மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தின் பொறுப்பாளர். பதவி உயர்வோடு போனவள். பஸ்ஸில் எட்டு மணி நேரம். மாதத்துக்கு இரண்டு நாள் வந்து, வீட்டைத் துடைத்து, கிட்டத்தட்ட இவரையும் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். மீதி நாளெல்லாம் பொம்மைக்காரர் அவள் தலையணைக்கு உறைகூட மாற்றாமல் காலத்தை ஓட்டினார். ஒரே தட்டைக் கழுவிக் கழுவிச் சாப்பிடுகிறவனுக்கு வீடு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டு தட்டு கழுவுகிறவர்களுக்குப் புரியாது.

"மாற்றல் கேட்டு ஒரு மனு போடேன்" என்று போனில் கெஞ்சிப் பார்த்தார்.

"நாளைக்கு உங்க பக்கம் மழை இருக்கு, துணியை வெளிய போடாதீங்க" என்பாள் அவள். பிடி கொடுத்தால்தானே?

அருங்காட்சியகத்தில் உருவங்கள் செய்வது அவர் வேலை. அங்கே புதிதாக, நியாண்டர்தால் என்னும் ஆதிமனிதர்களின் குகை ஒன்று அமைக்கச் சொன்னார்கள். ஓர் ஆண், ஒரு பெண், நடுவே நெருப்பு. பொம்மைக்காரர் மூளையில் பளிச்சென்று விளக்கெரிந்தது. பெண்ணைச் செய்யாமல் தள்ளிப்போட்டார். ஆணை மட்டும் செய்து நெருப்பின் பக்கத்தில் உட்கார வைத்தார். எதிரே உட்கார ஒரு கல்லைப் போட்டு, அதைக் காலியாக விட்டார். முகத்துக்குக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டார். புருவமேட்டைத் தூக்கி, தாடையை உள்ளே தள்ளி, மூக்கைக் கொஞ்சம் அகலமாக்கினால் போதும் என்று இருந்தது. மற்றதையெல்லாம் இயற்கை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தது. வாயில்காப்போன் இரண்டு நாள் அந்த உருவத்துக்கே வணக்கம் வைத்துவிட்டு, பின்னால் வந்த இவரை யார் என்று கேட்டான்.

விளக்கப் பலகையிலும் கை வைத்தார். காப்பாட்சியர் எழுதித் தந்ததில் முதல் பாதி மட்டும் அவருக்குத் தேவைப்பட்டது. 'சிறுசிறு கூட்டங்களாக, ஒருவரையொருவர் அதிகம் காணாமல் வாழ்ந்தார்கள். சுமார் நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோனார்கள்.' அதோடு நிறுத்திவிட்டார். இதைப் படித்தால் கல்லும் கரையும், அவளும் கரைவாள், சட்டைப்பையில் இருக்கும் மாற்றல் மனுவில் கையெழுத்து விழும் என்று மனப்பால் குடித்தார். மனுவை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

ஞாயிறு விடிந்ததுமே பொம்மைக்காரர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்கு அவள் அங்கே வந்தாள். நேராகக் குகைக்கு அழைத்துப் போனார். அவள் உருவத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எதையும் பார்த்ததும் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"அது நான் இல்ல."

"தெரியுது. இவர் தலையாவது வாரியிருக்கார்."

"பலகையைப் படி" என்றார். "தூரம் தூரமா இருந்தாங்க. அழிஞ்சே போயிட்டாங்க. ஒரு இனமே போச்சு. நாம ரெண்டு பேர்தான், நாம எம்மாத்திரம்?"

அவள் படித்தாள். பிறகு பலகையின் கீழ்ப்பகுதியை விரலால் தொட்டாள்.

"பாதி பலகை காலியா இருக்கே. என் பதிவேட்டுல ஒரு கட்டம் இப்படிக் காலியா இருந்தா மேலதிகாரி என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். இங்க என்ன இருந்துச்சு?"

"அழகுக்கு விட்டது."

"அழகுக்கா?" பின்னாலிருந்து காப்பாட்சியரின் குரல் வந்தது. அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்காரத் தெரியாது. "முக்கியமான விஷயமே அங்கதானம்மா இருக்கணும். அவங்க மொத்தமா அழியல. நம்ம முன்னோர்களோட கலந்துட்டாங்க. இன்னைக்கும் நிறையப் பேர் உடம்புல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்கு அவங்கதான்."

"அப்ப குகையிலேயே உட்கார்ந்திருந்தவங்க கதை முடிஞ்சு போச்சு. எழுந்து போய் இன்னொருத்தரோட சேர்ந்தவங்க இன்னும் இருக்காங்க. அப்படித்தானே சார்?"

"சுருக்கமாச் சொன்னா அப்படித்தான்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மலைமேல் இதே அருங்காட்சியகத்துக்குப் புதிய காட்சிக்கூடம் ஒன்று திறக்கிறார்களாம். உருவங்கள் செய்ய ஆள் வேண்டுமாம். மாற்றலுக்குச் சம்மதம் என்று மனுதாரர் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. அதற்குக் கீழே காப்பாட்சியரின் ஒப்பம், போன வாரத் தேதியோடு.

"சார், நீங்களுமா?"

"உங்க வீட்டம்மா ஒரு மாசமா தினமும் போன் பண்றாங்கப்பா. நான் எத்தனை நாள்தான் தாக்குப்பிடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவர் டைனோசர் பக்கமாக நழுவினார்.

"மாற்றல் பத்திப் பேசினா நீ பேச்சையே மாத்துவியே" என்றார் பொம்மைக்காரர். "எனக்கு மட்டும்தான் கஷ்டம்னு நெனச்சுட்டேன்."

அவள் காலிக் கல்லில் உட்கார்ந்தாள்.

"அங்க மேகம் கூடும்போதெல்லாம் யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்குங்க. பதிவேட்டுல எழுதி வைக்கிறேன். அது திருப்பி ஒண்ணும் பேச மாட்டேங்குது. நீங்கன்னா, உனக்கென்ன தெரியும்னு சண்டைக்காவது வருவீங்க. மூணு வருஷமா சண்டை போட ஆள் இல்லாம இருக்கேன்."

அவருக்குக் கண் கலங்கியது. தன் மனுவை நாலாய் மடித்துப் பையின் ஆழத்துக்குத் தள்ளினார். அவள் பேனா கொடுத்தாள். கையெழுத்து வாங்க வந்தவர் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்த பிறகுதான், இவ்வளவு லேசில் மடங்கிவிட்டோமே என்று ரோஷம் எட்டிப் பார்த்தது. ஆண்பிள்ளையாகக் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டார்.

"வர்றேன். ஆனா உடனே முடியாது. வீட்டுக்காரர்கிட்ட ஒரு மாசம் முன்னாடியே சொல்லணும். அதுதான் வாடகை ஒப்பந்தம்."

"போன மாசம் வந்தப்பவே சொல்லிட்டேங்க" என்றாள் அவள், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு. "காலையில நீங்க இங்க கிளம்பினதும் வீட்டுச் சாமானெல்லாம் ஏத்தியாச்சு, லாரி வாசல்ல நிக்குது. வாங்க."