முகவரிச் சான்றுக்கு ஒரு கடிதம்

விமான நிலையத்தில் மனைவியின் பெட்டி உருண்டு வெளியே வந்த நிமிஷத்திலேயே லிஃப்ட்காரர் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். இனிமேல் இந்தப் பெண்ணுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. பேங்க், ஆஸ்பத்திரி, பஸ், பால், தபால் எல்லாம் தன் பொறுப்பு. அவள் ராணியாக உட்கார்ந்திருந்தால் போதும்.

சபதம் எடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வெளிநாட்டு நகரத்து உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் சேர்ந்து வாழ்ந்தது, லீவு நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஐம்பத்து மூன்று நாள். மிச்சமெல்லாம் போனில்தான். போனில் அவர் கேட்ட கேள்விகள் மொத்தம் இரண்டு. "சாப்பிட்டியா?" "தூங்கினியா?" மூன்றாவதாக ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதாகவே அவர் காட்டிக்கொண்டதில்லை.

மனைவி, பள்ளிக்கூட ஆபீஸ் ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். சான்றிதழ் கேட்டு வரும் அப்பாமார்களை ஒரே ஒரு பார்வையில் வரிசையில் நிற்க வைத்தவள். அப்படிப்பட்டவள் வந்து இறங்கிய அன்று, சாலையைக் கடக்கும்போது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு பிடியில் நம்ம ஆள் விழுந்துவிட்டார். பாவம், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் கம்பெனி ஆபீஸுக்குப் போனார். அங்கே விண்ணப்பங்களைக் கவனிக்கும் பெண்ணை எல்லோரும் 'ஃபாரம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மேஜையில் ஃபாரம் இல்லாத இடத்தில் டீ டம்ளர் இருக்கும். வேறெதற்கும் இடமில்லை.

"வந்து முப்பது நாளுக்குள்ள உங்க இன்சூரன்ஸ்ல வீட்டம்மா பேரைச் சேர்த்துடணும், தம்பி. முப்பத்தொண்ணாவது நாள் வந்து அழுது புரண்டாலும் அடுத்த வருஷம்தான்."

"இப்பவே சேர்த்துடுங்கக்கா."

"கல்யாண சர்டிபிகேட்?"

"இருக்கு."

"பாஸ்போர்ட்?"

"இருக்கு."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்கன்னு சான்று?"

"இருக்கிறதே ஒரு ரூம்தாங்கக்கா. வேற எங்க போய் இருக்கிறது?"

"அதைப் பேப்பர்ல காட்டணும். கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம், ஏதாவது அவங்க பேருல?"

"எல்லாம் என் பேருல."

"அப்போ அவங்க பேருக்கு அந்த விலாசத்துல ஒரு தபாலாவது வந்திருக்கணும். உறை போதும். முத்திரையில தேதி தெரியணும். உள்ளே என்ன இருக்குன்னு யாரும் பார்க்கப் போறதில்ல."

இது வெறும் காகித விவகாரம் இல்லை. மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்தது இரண்டு இன்ஹேலர். ஒன்றில் பாதி தீர்ந்துவிட்டது. இந்த ஊரில் டாக்டர் சீட்டு இல்லாமல் அது கிடைக்காது. இன்சூரன்ஸ் கார்டு இல்லாமல் டாக்டரை நெருங்க முடியாது. நாலு மாடி ஏறி வந்து அவள் மூச்சு வாங்கினால் இவர் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

லிஃப்ட்காரரின் மூளை வேகமாக வேலை செய்தது. அவளுக்கு யார் தபால் போடப் போகிறார்கள்? நாமே போட்டுவிட்டால்? மறுநாளே உறை வாங்கினார். மனைவி பெயரையும் வீட்டு விலாசத்தையும் முத்து முத்தாக எழுதினார். காலி உறை போட்டால் நன்றாக இருக்காதே என்று சட்டைப் பையில் இருந்த ஒரு தாளை மடித்து உள்ளே வைத்தார். அது லிஃப்ட் பரிசோதனைத் தாள். 'கதவு: சரி. பிரேக்: சரி. சத்தம்: இல்லை. அடுத்த பரிசோதனை: மூன்று மாதம் கழித்து.' ஒட்டினார். போட்டார். விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

நாலு நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"தபால் ஏதாவது வந்துச்சா?"

"யாருக்கு?"

"உனக்கு."

"எனக்கு இந்த ஊர்ல யாருங்க தபால் போடப் போறா?"

மறைக்க முடியவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்களா? எனக்கா? லெட்டரா?"

"ஆமா."

"என்ன எழுதியிருந்தீங்க?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி உண்மையைச் சொல்லியிருப்பான். இவர் வேறு வழியில் போனார்.

"அது... மனசுல இருந்ததை... ஏதோ நாலு வார்த்தை."

"அய்யோ! அது போய்த் தொலைஞ்சு போச்சே!" மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பரவாயில்லைங்க. எழுதினவருக்கு மறந்தா போயிடும்? அதையே இன்னொரு தடவை எழுதிப் போட்டுடுங்க."

லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பதினாறு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். பதினாறு மாடிக் கயிற்றை மாட்டுகிற ஆளுக்கு ஒரு வரி மாட்டவில்லை. கடைசியில் எழுதினார்: 'நலம். நீயும் நலமாக இருக்கிறாய், காலையில் பார்த்தேன். இன்ஹேலரை மறக்காதே.' அதையும் போட்டார்.

அந்தத் தபாலும் வரவில்லை.

"உறை கனமா இருந்துச்சா?" என்று மனைவி விசாரித்தாள்.

"கனமா? மூணு வரிதான்."

"அதான் பார்த்தேன். லேசான உறையெல்லாம் மெஷின்ல போகும்போது இடுக்குல சொருகிக்குமாம்ங்க. ஒரு ரெண்டு பக்கமாவது இருந்தாதான் ஒழுங்கா வருமாம்."

"யார் சொன்னா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

லிஃப்ட்காரர் யோசித்தார். எடை, இடுக்கு, மெஷின் என்று மூன்று வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் அவர் எதையும் நம்புவார். தொழில் அப்படி. மூன்றாவது கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் அவள் வாங்கி வைத்த மஞ்சள் திரைச்சீலை அழகாக இருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. எழுதிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். மெஷின் ரூமில் மோட்டாரைத் தவிர யாருமில்லை.

அதுவும் வரவில்லை. பதினெட்டு நாள் ஓடிவிட்டது. ஃபாரம் அக்காவிடம் ஓடினார்.

"அக்கா, மூணு லெட்டர் போட்டும் ஒண்ணும் வரல!"

ஃபாரம் அக்கா ஒரு ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு போடுங்க தம்பி," என்றது ஃபைலுக்குள்ளிருந்து குரல். "கனமா போடுங்க."

அட, ஆபீஸிலேயே சொல்கிறார்களே! வீட்டுக்கு வந்து கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடறேன். கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் கொடுப்பாங்க. தொலையவே தொலையாது."

"கையெழுத்தா? அந்த ஆள் ஏதாவது கேள்வி கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாதேங்க. பயமா இருக்கு."

பாவம், பிள்ளை பயப்படுகிறது. ரிஜிஸ்டர் யோசனை அங்கேயே செத்தது.

இருபதாம் நாள் சாயங்காலம் இருவரும் காய்கறிப் பையோடு படியேறினார்கள். மூன்றாவது மாடி வளைவில் மனைவி நின்றாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விசில் அடித்தது. இன்ஹேலரை எடுத்து ஒரு அழுத்து, இரண்டு அழுத்து. இவர் பையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். உருளைக்கிழங்கு இரண்டு மாடி இறங்கி உருண்டு போனது. ஐந்து நிமிஷத்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது. அவருக்குத்தான் சரியாகவில்லை. ஊராரையெல்லாம் நாற்பதாவது மாடிக்குத் தூக்கிவிடுகிறவன், கட்டினவளை நாலாவது மாடிக்கு நடக்க வைக்கிறானே என்று கண் கலங்கிவிட்டது. கிழங்கு பொறுக்குகிற சாக்கில் கீழே இறங்கிப் போய்த் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுத ஆரம்பித்தார். இரண்டு கட்டடத்துக்கு நடுவே வேனில் உட்கார்ந்து எழுதினார். மெஷின் ரூமில் நின்றுகொண்டே எழுதினார். இருபத்தைந்தாம் நாள் முடித்தபோது நாலு பக்கம் இருந்தது.

போனில் இரண்டு கேள்வியோடு ஏன் நிறுத்தினார் என்பது அதில் இருந்தது. மூன்றாவது ஒன்று கேட்டால் குரல் உடைந்துவிடும், அவ்வளவு தூரத்தில் இருக்கிறவளை ஏன் அழ வைப்பது என்று நிறுத்தினாராம். வந்த அன்று சாலையைக் கடந்த பிறகும் அவள் கையை விடவில்லை என்பதும், அதை நினைத்து மறுநாள் லிஃப்டுக்குள் தனியாகச் சிரித்ததும் இருந்தது. படியில் அவள் உட்கார்ந்த அன்று தான் எப்படி நடுங்கிப் போனார் என்று கடைசிப் பக்கம் முழுக்க எழுதியிருந்தார். உறை தடித்துவிட்டது. பசை ஒட்டவில்லை. லிஃப்டுக்குப் போடும் டேப்பைச் சுற்றி அனுப்பினார்.

முப்பதாம் நாள். இன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடினால் எல்லாம் முடிந்தது. காலையில் குளித்ததும் குளிக்காததுமாக வேலைக்கு ஓடினவர், பதினொரு மணிக்கு அனுமதி கேட்டுத் திரும்பி வந்து தபால் பெட்டி முன்னாலேயே நின்றுகொண்டார். தபால்காரர் வந்தார். எல்லாப் பெட்டியிலும் போட்டார். இவர் பெட்டியைத் தாண்டிப் போனார்.

"டேப் சுத்தின ஒரு உறை... கனமா..." என்று சைகையிலேயே கேட்டார். இன்றைக்கு இல்லை என்று தபால்காரர் கையை விரித்தார்.

நாலு மாடி எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மனைவி மஞ்சள் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போச்சும்மா. இன்னிக்குக் கடைசி நாள். லெட்டர் வரல. உனக்கு ஒரு கார்டு வாங்கித் தர எனக்கு வக்கில்ல."

குரல் உடைந்துவிட்டது. மனைவி துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அய்யய்யோ, அழாதீங்க! காலையிலேயே சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிட்டீங்க." பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். வழவழப்பாக இருந்தது. அவள் பெயர் போட்ட கார்டு. "வந்து பதினோரு நாளாச்சுங்க."

லிஃப்ட்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படி?"

"முதல் லெட்டர் ரெண்டே நாள்ல வந்துடுச்சு. ஃபாரம்ல கையெழுத்து வாங்கினீங்கல்ல, அதுலயே அக்கா போன் நம்பர் இருந்துச்சு. பேசினேன். மறுநாள் போய் உறையைக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"போனியா? தனியாவா?"

"ரெண்டு பஸ்தானே. போன வாரம் டாக்டரையும் பார்த்துட்டேன். புது இன்ஹேலர் கொடுத்திருக்காரு. மூச்சு இப்போ எவ்வளவோ தேவலை."

"அப்போ அக்காவும்..."

"நான்தான் கெஞ்சினேன், இவருகிட்ட மட்டும் கொஞ்ச நாள் சொல்லாதீங்கன்னு. அதுக்கு அக்கா, என் வீட்டுக்காரருக்கும் இப்படி லெட்டர் எழுதணும்னு ஒரு சட்டம் இருந்தா நல்லாயிருக்குமேன்னாங்க."

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்ல எனக்கு வந்த முதல் லெட்டர். அவசர அவசரமா பிரிச்சேன். கதவு சரி, பிரேக் சரின்னு இருக்கு. அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. அப்புறம் கேட்டா மனசுல இருந்ததை எழுதினேன்னு வேற சொல்றீங்க. சரி, அந்த மனசைக் கொஞ்சம் பார்த்துடுவோம்னு தோணுச்சு. நாலு வருஷமா நான் கல்யாணம் பண்ணின மனுஷன் மனசுல இருந்து ஒரு வார்த்தை வந்து கேட்டதில்லைங்க. நேத்து அந்த டேப் சுத்தின உறை வந்தப்பதான் கேட்டேன். மூணு தடவை படிச்சேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது வரை சிவந்துவிட்டது. வெட்கத்தை மறைக்கக் கோபத்தைத் தேடினார். கொஞ்சம் கிடைத்தது.

"விளையாட்டு உனக்கு! உனக்கு ஒண்ணு ஆகிடுச்சுன்னா என்ன பண்ணுவேன்னு நான் எவ்வளவு பயந்தேன், தெரியுமா?"

"தெரியுமே," என்றாள் மனைவி. "நாலாவது பக்கம்."