பூட்டுக்காரன் வளர்த்த கல் செடி

என் மச்சானின் வாயை ஒரு நாளாவது அடைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். அவர் வீட்டு மாடி முழுக்கத் தொட்டிகள். எங்கள் ஜன்னலில் ஒரு செடி காய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "மாப்பிள்ளை கையில பிளாஸ்டிக் செடியைக் கொடுத்தாலும் பட்டுப்போயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அதையாவது மன்னிக்கலாம். முதலில் சிரித்தது என் வீட்டுக்காரி. அதை எப்படி மன்னிப்பது?

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். படிப்பு ஏறவில்லை. ஆனால் மனதில் ஒன்றை வைத்துப் பூட்டினால் திறக்கமாட்டேன். வருஷக்கணக்கில் காத்திருந்தேன்.

ஒரு நர்சரியில் ஷட்டர் பூட்டு சரிசெய்யப் போனபோது வழி பிறந்தது. மேஜை மேல் ஒரு சின்னத் தொட்டி. அதில் மூன்று கூழாங்கற்கள். செடி எங்கே என்று கேட்டேன். அதுதான் செடி என்றார் நர்சரிக்காரர். பார்க்கத்தான் கல்லாம், உள்ளே எல்லாம் சதையாம். ஆடு மாடு கடிக்காமல் இருக்க அப்படி ஒரு வேஷமாம். நேரம் வந்தால் நடுப்பிளவில் பூக்குமாம். தண்ணீர்தான் அதற்கு எமன், மாதம் ஒரு தடவை நாக்கு நனைகிற அளவு போதும் என்று சொல்லிக் கொடுத்தார்.

மச்சானிடம் இது கிடையாது. அது போதாதா எனக்கு? வாங்கி வந்து கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். என் கையால் செய்த பூட்டைப் போட்டேன். சாவி என் இடுப்பில். தினம் காலையில் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் எனக்கே காபி.

"என்னங்க, அது அழுகிடும்."

"எது?"

"மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊத்தணும்னு நர்சரிக்காரர் சொன்னதா நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"அது அவன் கடையில இருந்தவரைக்கும். நம்ம வீட்டுக்கு வந்தவங்களை நாக்கு வறள விடுறதா?"

"ஒரு வார்த்தை என்னையும் கேட்டு ஊத்துங்களேன்."

"உன்னைக் கேக்கறதும் ஒண்ணுதான், உங்கண்ணனைக் கேக்கறதும் ஒண்ணுதான்."

அவள் பேசாமல் போய்விட்டாள். அவள் பேசினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் போனபோதுதான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சில நாளில் மூன்றில் ஒன்று கனிந்த வாழைப்பழம் மாதிரி கொழகொழத்துப் போனது. தாகத்தில் போயிருக்கும் என்று நினைத்து மற்ற இரண்டுக்கும் தண்ணீரைக் கூட்டினேன். மறுநாள் பெட்டியைத் திறந்தால் ஆச்சரியம். இரண்டும் பளபளவென்று, அழுத்தினால் அமுங்காமல் நின்றன.

"வந்து பாரு, கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்று கூப்பிட்டேன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. "ஆமாங்க. கல்லே மாதிரிதான் இருக்கு."

அன்று முதல் இரண்டு டம்ளர்.

அந்தச் சமயத்தில்தான் அடுப்பங்கரை ஜன்னலில், எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால், காது உடைந்த கோப்பை ஒன்று வந்து உட்கார்ந்தது. உடைசலை வீட்டில் வைக்காதே, தூக்கிப் போடு என்றேன். அது உங்களை என்ன செய்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். உள்ளே மண் இருப்பது தெரிந்தது. எட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஊற்ற வேண்டிய தண்ணீர் அவ்வளவு இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஆரம்பித்தாள். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன், வெயில் இறங்குவதற்குள் வரச் சொல்லுங்கள், வெளிச்சத்தில்தான் எடுப்பாக இருக்கும் என்றாள். என் பக்கம் வந்துவிட்டாள் என்று பூரித்துப் போனேன்.

மச்சான் வந்தார். பெட்டி முன்னால் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"மாப்பிள்ளை, இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே."

"பார்த்திருக்க முடியாது, மச்சான். இந்தத் தெருவுலயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

பெருந்தன்மையாகப் பூட்டைத் திறந்துவிட்டேன். அவர் ஒன்றைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை. கண்ணாடியில் தட்டினார். டக் என்றது. எனக்கும் நெஞ்சில் டக் என்றது.

"எங்க வீட்டு மீன் தொட்டியில இதே மாதிரி ரெண்டு கல்லு..." என்று அவர் ஆரம்பிக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணா, எடுத்த இடத்துல வை. அது சும்மா காட்சிக்கு. நிஜச் செடியைக் கூடத்துல வெச்சு யாராவது கண்ணு பட விடுவாங்களா? இதோ பாரு, உன் மாப்பிள்ளை வளர்த்தது."

அவள் கையில் காது உடைந்த கோப்பை. அதில் என் இரண்டு கல் செடிகள். ஒன்றின் பிளவிலிருந்து, தன் உடம்பை விடப் பெரிதாக, ஒரு மஞ்சள் பூ விரிந்திருந்தது.

மச்சானின் வாய் அடைத்துப் போனது. வருஷக்கணக்கில் நான் காத்திருந்த காட்சி. என்னால்தான் சரியாக அனுபவிக்க முடியவில்லை. அந்தப் பூவை நானே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"எப்படி மாப்பிள்ளை வளர்த்தீங்க?" என்றார் கடைசியில். குரலில் நிஜமான மரியாதை.

"இவர் அதுல கையே வைக்கலை, அண்ணா" என்றாள் அவள். "அதுதான் ரகசியம்."

"கை வைக்காம இருக்கறதுதான் கஷ்டம்" என்றேன் நான்.

அவர் போனதும் முதல் வேலையாக அவளைக் கேட்டேன். செடி கிடக்கட்டும், என் தொழில் மானம் போகிறதே.

"என் பூட்டை எப்படித் திறந்தே?"

"சாவி போட்டுத்தான்."

"சாவி என் இடுப்பை விட்டு இறங்கறதே இல்லையே."

"குளிக்கும்போது?"

குளியலறைக் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும்.

இப்போது மச்சான் போன் செய்து என்னிடம் யோசனை கேட்கிறார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் கேட்டுச் சொல்கிறேன். கோப்பை பக்கம் நான் போகக் கூடாது என்று உத்தரவு. கண்ணாடிப் பெட்டி மட்டும் என் பொறுப்பு. தினம் காலையில் இரண்டு டம்ளர் ஊற்றுகிறேன்.

நேற்று அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் வளர்ந்திருக்கோ?" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன்.