ஒரு நாளைக்கென்று வாங்கிய பனி மெஷின்

ஆர்லின் ஹௌகன் முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நின்று முழங்கினார். "இனிமே என் கடையில திருடுறவங்களை நான் சும்மா விடப்போறதில்ல!"

"முதல்ல முட்டையை முடி. அதையும் சும்மா விடாத" என்றாள் மனைவி மார்டிஸ்.

அமெரிக்காவில், குளிருக்குப் பேர்போன மினசோட்டா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் ஒரே ஹார்டுவேர் கடை ஆர்லினுடையது. மாட்டியது யார் என்பது கேமராவில் தெளிவாக இருந்தது. எழுபத்தைந்து வயது லவோன் ஸ்வென்சன், அடுத்த தெருக்காரி. செவ்வாய்தோறும் வருவாள். ஒரு பல்பு, ஒரு பொட்டலம் ஆணி, பறவைக்குத் தீனி என்று ஏதாவது கோட்டுப் பைக்குள் போகும். அப்புறம் ஒரு சாக்லேட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, குளிரைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

"போலீஸ் வேண்டாம். சிவில் சட்டம் இருக்காம். கடைக்காரனே நேரா கடிதம் எழுதலாமாம். பொருளோட விலை, மேல ஒரு தண்டம். குடுக்கலைன்னா கோர்ட்டு. வக்கீலே சொன்னார்" என்றார் ஆர்லின்.

"அந்தம்மாகிட்ட போய்ப் பேசேன்."

"பேசறதா? நேருக்கு நேராவா?"

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. மினசோட்டாக்காரர்கள் வீடு பற்றி எரிந்தாலும் 'இன்னிக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கு' என்பார்களே தவிர, முகத்துக்கு நேரே எதையும் கேட்கமாட்டார்கள்.

"அனுப்பாத ஆர்லின். அந்தம்மா ஏன் எடுக்குதுன்னு கொஞ்சம் யோசி."

ஆர்லின் யோசித்தார். ஆனால் லவோனைப் பற்றி அல்ல. ஊர்த் தபாலாபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பதே மார்டிஸ்தான். அவள் கண்ணில் படாமல் கடிதத்தை எப்படிப் போடுவது என்றுதான் யோசித்தார். முப்பது மைல் வண்டி ஓட்டிப் போய்ப் பக்கத்து ஊரில் பதிவுத் தபாலாகப் போட்டுவிட்டு, வழியெல்லாம் விசிலடித்தபடி திரும்பினார்.

வியாழக்கிழமை ராச்சாப்பாட்டில் மார்டிஸ் சாதாரணமாகச் சொன்னாள். "லவோன் இன்னிக்கு வந்து கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்கிட்டுப் போச்சு."

ஆர்லின் வாய்க்குக் கொண்டுபோன உருளைக்கிழங்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"எந்த ஊர்ல போட்டாலும் இந்த ஊர்த் தபால் என் ஜன்னலுக்குத்தானே வரணும்? இருபத்திரெண்டு வருஷமா அங்கதான் இருக்கேன். கவனிக்கலையா?"

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"என் எதிர்லயே பிரிச்சுப் படிச்சுது. அப்புறம், 'இப்படி ஒரு சட்டம் இருக்கறது தெரியாமப் போச்சே'ன்னுது."

அடுத்த வாரம் ஆர்லினுக்கே ஒரு பதிவுத் தபால் வந்தது. அவரும் வரிசையில் நின்றார்.

"வாங்க சார். அடையாள அட்டை?"

"மார்டிஸ், நான்தான்!"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

கையெழுத்துப் போட்டுப் பிரித்தார்.

'அன்புள்ள ஆர்லின், நலம்தானே? நாலு குளிர்காலத்துக்கு முன்னால், என் வெர்ன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் பனி தள்ளும் மெஷினை ஒரே ஒரு நாளைக்கென்று வாங்கிப் போனீர்கள். இன்று அது உங்கள் கடை வாசலில் நிற்கிறது. நாள் வாடகை முப்பது டாலர் என்று கழுத்தில் அட்டை. கேட்க எனக்குக் கூச்சம். அதனால் செவ்வாய்தோறும் வந்து அந்தக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டிருந்தேன். முறையான வழி இருப்பது உங்கள் கடிதத்தால்தான் தெரிந்தது. மெஷின், மேலே தண்டம். இல்லையென்றால் கோர்ட்டு.'

ஆர்லின் சுவரோரம் நகர்ந்து நின்றார். திருட வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. திருப்பித் தரத்தான் நினைத்தார். நினைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் லவோனின் கணவர் வெர்ன் போய்விட்டார். சவப்பெட்டி தூக்கியவர்களில் ஆர்லினும் ஒருவர். அந்தச் சமயத்தில் மெஷின் பேச்சை எடுப்பது நன்றாக இருக்காது என்று தள்ளிப்போட்டார். அப்புறம் யாரோ வாடகைக்குக் கேட்டார்கள். நாலு குளிர்காலமாக அந்த அம்மாள் தனி ஆளாக மண்வெட்டியால் பனி வாரியதை அவர் வண்டியில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். கைகூட ஆட்டியிருக்கிறார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மாலை தபாலாபீஸ் ஜன்னல் மூடும்வரை காத்திருந்து மார்டிஸிடம் கேட்டார். "இந்தக் கடிதம் நீ எழுதிக் குடுத்ததுதானே? லவோனுக்கு இவ்வளவு சட்டம் தெரியாதே."

"நீதானே பதிவுத் தபால்ல அனுப்பிக் கத்துக்குடுத்த?"

மறுநாள் நல்ல பனி. ஆர்லின் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், லவோன் வீட்டு வாசல் பனியைத் தெரு வரைக்கும் தள்ளிச் சுத்தம் செய்தார். "தப்பு என்னுதுதாங்க" என்றார், முகத்துக்கு நேரே. வாழ்க்கையில் முதல் முறை. லவோன் அவரை உள்ளே கூப்பிட்டாள். பிறகு காபி கொடுத்தாள். தண்டம் வேண்டாம் என்றாள். பறவைத் தீனியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மெஷினை அங்கேயே விட்டுவிட்டு, மனசு லேசாக வீடு திரும்பினார். அவர் வீட்டு வாசலில் இடுப்பளவு பனி. கதவைத் திறந்துகொண்டு மார்டிஸ் நின்றாள்.

"நம்ம வாசலுக்கு என்ன பண்றது மார்டிஸ்?"

"லவோன்கிட்ட போன்ல கேட்டுட்டேன். நாள் வாடகை முப்பது டாலராம். அட்டை நீ எழுதினதுதானாமே."