குண்டூசி வெளியிட்ட செய்திக்குறிப்பு

கல்லூரி மாணவர் இதழின் ஆசிரியருக்கு ஒரு மேசை ஒதுக்கப்பட்டிருந்தது. நாற்காலி பற்றிய கோப்பு நிர்வாகத்தின் பரிசீலனையில் இருந்ததால் அவள் நின்றுகொண்டேதான் எழுதினாள். எதை எழுதினாலும் யாருக்காவது சுருக்கென்று குத்தும். அதனால் எல்லாரும் அவளைக் குண்டூசி என்றே கூப்பிட்டார்கள்.

அந்த மாதம் லிஃப்டைப் பற்றி எழுதியிருந்தாள். கல்லூரியின் ஒரே லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது. இதழ் அச்சுக்குப் போகும் முன் முதல்வர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"லிஃப்ட் ரிப்பேர்னு தலைப்பு போட்டிருக்கே. கொஞ்சம் கடுமையா இல்ல?"

"வேற எப்படி சார் சொல்றது? லிஃப்ட் ஓய்வெடுக்குதுன்னு போடவா?"

குத்தலாகத்தான் சொன்னாள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓய்வெடுக்குது. நல்லாருக்கே. மேல சொல்லு."

"மாணவர் உடல்நலம் கருதி மாடிப்படித் திட்டம் தொடக்கம்னு சேர்த்துக்குங்க," என்றாள் எரிச்சலோடு.

முதல்வர் சேர்த்துக்கொண்டார். மறுநாளே அது சுற்றறிக்கையாக வந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு குழு வந்து படிகளைப் பார்வையிட்டது. திரும்பிப் போனதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் லிஃப்டை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் குண்டூசி பத்திரிகை ஆபீஸ்களாக ஏறி இறங்கினாள். எங்கும் இடமில்லை. நகரக் குடிநீர் வாரியம் மட்டும் வீடு தேடி ஆள் அனுப்பியது. மாடிப்படித் திட்டம் எழுதியவர்தான் மக்கள் தொடர்பு அதிகாரியாக வேண்டுமாம்.

"சேர்ந்துடுடி," என்றாள் அம்மா. "சுத்துற நாற்காலி தர்றாங்களாம்."

சேர்ந்த கொஞ்ச நாளில் குழாய்களில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. ஜனங்கள் திட்டப்போகிறார்கள், விளக்கம் எழுது என்றார் வாரியத் தலைவர். அவளுக்குள் இருந்த பழைய ஆசிரியர் விழித்துக்கொண்டார். 'இயற்கையான மண்வளம் சேர்ந்த குடிநீர், கூடுதல் கட்டணமின்றி வழங்கப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தாள். நாலு திட்டு விழும், வேலை போகும், நிம்மதி என்று நினைத்தாள். தலைவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை வரை போன் ஓயவில்லை.

"எங்க தெருவுக்கு இன்னும் பழைய வெள்ளைத் தண்ணிதான் வருது. நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

பரிசோதனைக் கூடத்துக்காரர் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அம்மணி, விளையாட்டு போதும். இதைக் குடிச்சா ஊரே படுத்துடும்."

அவள் சுற்றும் நாற்காலியை மேசையருகே இழுத்தாள். உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாக நையாண்டி இல்லாமல் எழுதினாள்: 'தண்ணீர் கெட்டுவிட்டது. தயவுசெய்து குடிக்காதீர்கள். தவறு எங்களுடையது.' தலைவர் அவள் எழுதியதைப் படிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டதால் இதற்கும் கையெழுத்து கிடைத்தது.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அதுதான் முதல் பக்கம். அவளுக்கு வேலை தராத ஆசிரியர்கள் எல்லாரும் 'துணிச்சலான புதிய உத்தி' என்று தலையங்கம் எழுதினார்கள். தலைவருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. எல்லா வாரியங்களும் இனி வாரம் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆணையும் வந்தது. தவறு கைவசம் இல்லாதவர்கள் உண்டாக்கிக்கொள்ளலாம்.

குண்டூசி வீட்டுக்கு ஓடினாள். அம்மா பழுப்புத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பேப்பர் படிக்கலையா?"

"படிச்சேனே. தெருவே படிச்சுது. தப்பு எங்களோடதுன்னு எந்த ஆபீஸ்டி சொல்லும்? இவ்வளவு நேர்மையானவங்க கெட்ட தண்ணி விடுவாங்களா?"

குண்டூசி டம்ளரைப் பிடுங்கிக் கீழே கொட்டினாள்.

"சத்தியமா கெட்ட தண்ணிம்மா. நான் உன் பொண்ணு சொல்றேன்."

அம்மா அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"ரொம்ப நல்லா வருதுடி உனக்கு. உண்மை மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டு, அடுத்த டம்ளரை மொண்டாள்.